வீட்டில் பவளத் தொட்டி: முதல் ஆறு மாதம்

என் முதல் கடல் தொட்டிக்கு அப்போது நான்கு மாதம். கத்திரி வெயில் நேரம். சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. "தினமும் நாலு லிட்டர் வத்தும்ப்பா, இந்தக் கோடு வரைக்கும் ஊத்திடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பால்கனியில் ஒரே மாதிரி இரண்டு கேன்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் உப்புக் கரைத்து வைத்த தண்ணீர். அப்பா இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கேனிலிருந்து எடுத்து ஊற்றியிருக்கிறார். "கடல் தண்ணிதானேம்மா குறைஞ்சுது, கடல் தண்ணியத்தானே ஊத்தணும்?" என்று பிறகு கேட்டார்.

திரும்பி வந்து அளந்தேன். 35 காட்ட வேண்டிய உப்பளவு (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) 39 காட்டியது. நத்தைகள் தரையில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளங்கை அகலம் விரிந்திருந்த காளான் பவளம் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்பாவைக் குறை சொல்ல எதுவுமில்லை. கேன்களின் மேல் எழுதி ஒட்டாமல் போனது என் தவறு.

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி என்ன செய்கிறார்களோ, அதுதான் வரவேற்பறைத் தொட்டியிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். 100 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் வற்றினாலே உப்பளவு 35-லிருந்து 36.5-க்கு ஏறிவிடும். நான்கு நாள் கழித்து நினைவு வந்து ஒரு வாளி நல்ல தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால், ஏறியது ஒரே நிமிடத்தில் இறங்கும். பவளத்துக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் ஆகாது. உப்பு 34-ல் நின்றாலும் தாங்கிக்கொள்ளும், 36-ல் நின்றாலும் தாங்கிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்றால் தாங்காது. உப்புக்குச் சொன்னது வெப்பத்துக்கும் பொருந்தும், காரத்தன்மைக்கும் பொருந்தும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

வாங்குமுன் சட்டம்

மன்னார் வளைகுடா மீனவர்கள் பவளத்திட்டைப் 'பார்' என்பார்கள். அங்கே தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் பாரை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. திட்டு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 2001-இல் அதில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு உள்ள அதே பட்டியல்தான். காய்ந்த எலும்புக்கூடாக இருந்தாலும் நம் கடலிலிருந்து எடுத்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுக் கடினப் பவளங்கள், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இருப்பவை. உரிய அனுமதியும் பதிவும் இல்லாமல் அவற்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே, கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறை என்று யாராவது ஈரக் கோணியில் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். செயற்கையாகச் செய்த பீங்கான் பாறை, சிமெண்ட் பாறை போதும். நுண்ணுயிர் ஆறு வாரத்தில் அதிலும் குடியேறிவிடும். பவளத்தில் மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காளான் பவளம், சோவாந்திட், லெதர் எனப்படும் தோல் பவளம் எல்லாம் மற்றவர் தொட்டியில் வளர்ந்து, வெட்டிக் கொடுக்கும் துண்டுகளாகவே கிடைக்கின்றன. புதியவர் கையில் பிழைப்பவையும் இவைதான்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். 30 லிட்டரில் ஒரு மீன் செத்தால் இரவுக்குள் எல்லாமே போகும். 180 லிட்டரில் காலையில் பார்த்துக் காப்பாற்ற நேரம் இருக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் கால் டன்னுக்குக் குறையாது. அதனால் தாங்குசுவரை ஒட்டி, தளமட்டம் பார்த்து, உறுதியான ஸ்டாண்டின் மேல் வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட் என்றால் எபாக்சி பூச்சு கட்டாயம். உப்புக் காற்று திருவான்மியூர் ஜன்னல் கம்பியை என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் கூடாது. பிளக் பாயிண்ட் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறிப் போனால் சொட்டும் நீர் பிளக்குக்குள் இறங்காது. அந்தச் சர்க்யூட்டில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிய பிறகு மீதி வேலையைத் தொடங்குங்கள். உப்புத் தண்ணீருக்குள் கை விடுகிறோம், மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்.

தண்ணீர்

"பெசன்ட் நகர் பக்கம்தானே, கடல்லேர்ந்தே கொண்டு வரலாமே?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. சென்னைக் கரையில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பது என்னவென்று நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர உப்பளவும் சரிந்துவிடும். வேண்டாம்.

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும். அடுக்களை ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக அதில் உப்பு நீக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தே வெளியே விடுவார்கள். என் வீட்டில் 70 காட்டியது. அந்த எந்திரத்திலேயே கலக்கும் குழாயை அடைத்து, கடைசியில், மிச்ச உப்பையும் ஈர்த்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றை இணைத்தால் சுழியம் வரும். மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். இதில் சோம்பினால் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உப்பு என்றால் ரீஃப் தொட்டிக்கென்றே, அதாவது பவளத் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவை. கல் உப்பு கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு, பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதாது. ஒரு லிட்டருக்குச் சுமார் 36 முதல் 40 கிராம் வரை பிடிக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிச் செய்தால் கால்சியம் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். ஒரு பம்பைப் போட்டு, உப்பு டப்பாவில் சொன்ன நேரம்வரை ஓடவிடுங்கள்.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினால் போதும், அளவு பொய்யாகும். ரிஃப்ராக்டோமீட்டரின் சாய்ந்த கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் உப்பளவு. 35 என்று எழுதிய சரிபார்ப்புத் திரவம் ஒரு சின்னக் குப்பியில் விற்கிறது. மாதம் ஒருமுறை அதை விட்டுக் கருவியின் திருகைச் சரிசெய்யுங்கள்.

வெயில்

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்லும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்குப் பகை வெயில்தான்.

பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசியே நஞ்சைச் சுரக்கத் தொடங்கும். பவளம் அதை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா வெளுத்தது இப்படித்தான். அவ்வளவு பெரிய கடலிலேயே நடந்தது, மூன்றடித் தொட்டியில் ஒரே மதியத்தில் நடந்துவிடும்.

இலக்கு 25 முதல் 27 டிகிரி. 29-க்கு மேல் நாள்கணக்கில் நிற்கக் கூடாது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஊதினால், ஆவியாகும் நீரோடு இரண்டு மூன்று டிகிரி வெப்பம் போகும். வறண்ட காற்றுள்ள திருச்சியிலும் மதுரையிலும் இது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் பாதிதான். இரண்டாவது, அந்த அறையில் நாள் முழுக்க ஏ.சி. ஓடுவது. மூன்றாவது, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். பணம் இருந்தால் விளக்குக்கு முன்பே அதை வாங்குங்கள் என்பேன். பெட்டியில் போட்ட லிட்டர் கணக்கை நம்பாமல் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். நம் ஊர் மே மாதத்தை நினைத்து அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். சில்லர் வெப்பத்தை அறைக்குள்ளேயேதான் கக்கும், ஆகவே அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும். பம்பும் நின்றால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அலை உண்டாக்கும் பம்ப் ஒன்றையாவது சைன் வேவ் இன்வெர்ட்டரில் இணையுங்கள். அதுவும் முடியாதென்றால், மின்சாரம் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டி வையுங்கள். விலை குறைவு, பல தொட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

கருவிகளில் மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் துணைத் தொட்டி, அதில் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், தொட்டிக்குள் அலை பம்ப் இரண்டு, பவளத்துக்கென்றே செய்த நீலம் தூக்கலான எல்.இ.டி. விளக்கு. வற்றும் தண்ணீரைத் தானே நிரப்பும் ஏ.டி.ஓ. கருவி ஆடம்பரம் அல்ல, முதல் மாதமே வாங்குங்கள். அது இருந்திருந்தால் அப்பாவிடம் நான் கேன் கதையே சொல்லியிருக்க வேண்டாம். மேலே வலைமூடி போடுங்கள், கடல் மீன்கள் குதிக்கும்.

மீன் இல்லாத ஆறு வாரம்

முதல் தொட்டியின்போது ஒரு கடையில் "ஒரு வாரத்துல மீன் விடலாம்" என்று சொல்லி மூன்று டாம்சல் மீன்களைக் கையோடு கொடுத்துவிட்டார்கள். இரண்டு செத்தன. பிழைத்த ஒன்று பின்னால் வந்த எல்லா மீன்களையும் துரத்திக் கடித்தது.

நடப்பது இது. மீன் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியா ஆகும். அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் கெடுதல் இல்லை. இந்த இரண்டு வகையும் பாறையிலும் மணலிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனைப் பலிகொடுக்காமல் இதைச் செய்யலாம். தொட்டிக்கென்று விற்கும் அம்மோனியாத் திரவத்தை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை ஊற்றி, புட்டியில் விற்கும் நுண்ணுயிரையும் சேர்த்து, ஸ்கிம்மரை அணைத்து வைத்து, இரண்டு நாளுக்கொருமுறை அளந்து எழுதுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். மறுபடி 2 பி.பி.எம். ஊற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தயார். பிறகு கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

அடுத்த ஒன்றிரண்டு மாதம் தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். முதலில் மணல் மேல் காபிப்பொடி தூவினாற்போல் பழுப்பு, பிறகு பச்சை முடிப்பாசி, சில சமயம் ஏடு படிந்தாற்போல் செந்நிறப் படலம். எல்லாத் தொட்டிக்கும் இது வரும், போகும். பயந்துபோய் பாசிக்கொல்லி மருந்து ஊற்றாதீர்கள். டர்போ நத்தை நாலைந்து விட்டு, விளக்கை எட்டு மணி நேரத்துக்குள் வைத்து, தீனியைக் குறைத்தால் போதும்.

மீன்

கோமாளி மீன் ஜோடியில் தொடங்குங்கள், அதுவும் தொட்டியில் பிறந்ததாகப் பார்த்து. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீன் உருண்டைத் தீனியை முதல் நாளே சாப்பிடும். பாரிலிருந்து பிடித்துவந்த மீன் பட்டினி கிடக்கும், ஒட்டுண்ணியோடும் வரும். கோமாளிகள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன, இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குட்டிகள் வாங்கினால் ஜோடி அமையும். கடலில் அவை குடியிருக்கும் கடல் தாமரை இல்லாமலே தொட்டியில் சுகமாக வாழும்.

சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் வாங்கப் போனால் மீனைக் காட்டச் சொல்லிவிட்டு உடனே பணம் கொடுக்காதீர்கள். "அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க" என்று கேளுங்கள். வந்து கொத்துகிற மீனை வாங்குங்கள். மூலையில் நின்று வேகமாக மூச்சு வாங்குவதையும், உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி உள்ளதையும் விட்டுவிடுங்கள். கடைத் தொட்டியின் உப்பளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு குறைய வேண்டும் என்பதற்காகவும் ஒட்டுண்ணியை அடக்கவும் அங்கே குறைத்தே வைப்பார்கள்.

வீட்டில் 40 லிட்டர் தனித் தொட்டி ஒன்றில், கடையின் அதே உப்பளவில், புது மீனை நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்கான செம்பு மருந்தை அங்கே மட்டும்தான் ஊற்றலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தையும் இறாலும் பவளமும் செத்துப்போகும். பெரிய தொட்டிக்குள் நோய் நுழைந்துவிட்டால், மீன் ஒன்றுகூட இல்லாமல் அதை இரண்டரை மாதம் காலியாக வைக்க வேண்டியிருக்கும்.

180 லிட்டருக்கு நான்கைந்து சிறு மீன் போதும். கோமாளி இரண்டு, ஒரு கோபி, ஒரு ப்ளென்னி, ஒரு ஃபயர்ஃபிஷ். நீல டாங் அழகுதான், அதற்கு ஆறடித் தொட்டி வேண்டும். மாண்டரின் மீன் உயிருள்ள நுண்ணிய ஓடுடலிகளைத்தான் தின்னும், புதுத் தொட்டியில் மெலிந்து சாகும். குழந்தைகள் அழுதாலும் இரண்டையும் வாங்காதீர்கள்.

பவளம்

மூன்றாவது நான்காவது மாதம், உப்பும் வெப்பமும் இரண்டு வாரம் ஆடாமல் நின்ற பிறகு முதல் துண்டு. காரத்தன்மை அதற்குரிய டி.கே.எச். அலகில் 8 முதல் 9, நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள், பவளம் பட்டினியாகிவிடும்.

துண்டைப் பவளத்துக்கான கழுவு திரவத்தில் முக்கி, பூச்சி உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, ஜெல் வகை சூப்பர் க்ளூவால் பாறையில் ஒட்டலாம். முதலில் தொட்டியின் அடியில், விளக்கை முப்பது சதவீதத்தில் வைத்துத் தொடங்கி வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

சோவாந்திட் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அவற்றைத் தொடும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையை வெந்நீர் ஊற்றியோ கொதிக்கவைத்தோ சுத்தம் செய்யவே கூடாது, ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

தோல் பவளம் ஒன்று வாங்குங்கள், பொறுமைக்கு அது நல்ல வாத்தியார். திடீரென ஒருநாள் எல்லா இதழ்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசினாற்போல் மினுமினுத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்றே தோன்றும். நான் முதல்முறை அதை எடுத்துப் போடவே போனேன். ஐந்தாம் நாள் காலை, பால் ஏடு போல ஒரு தோல் அதன் விளிம்பிலிருந்து கழன்று நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் புதிதாக, முன்பைவிட நீளமாக இதழ்கள். அலை பம்பைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் தோல் சீக்கிரம் கழலும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

வாடிக்கை

தினமும் வெப்பநிலை பார்த்து, மீன்களை எண்ணி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர் மாற்றம், கண்ணாடி தேய்த்தல், ஸ்கிம்மர் கோப்பை கழுவுதல், காரத்தன்மை அளத்தல். மென்பவளத் தொட்டிக்குத் தனியாகக் கால்சியம் ஊற்ற வேண்டியதில்லை, புது உப்புத் தண்ணீரிலேயே போதியது வந்துவிடும்.

நம் வீடுகளில் யாரும் நினைக்காத ஆபத்து கொசு மருந்து. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் திரவம், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் கொடிய விஷம். ஸ்கிம்மரும் ஏர் பம்பும் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகின்றன. தொட்டி உள்ள அறைக்குக் கொசுவலையும் ஜன்னல் வலையும்தான் வழி. கை விடுமுன் சோப்பு வாசனையும் எண்ணெயும் போகக் கையைக் கழுவுங்கள்.

ஆறு மாதத்தில் வீடு மாறலாம், செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். தொட்டியை மூட வேண்டி வந்தால் மீனையும் பவளத்தையும் வேறு வளர்ப்பவருக்கோ கடைக்கோ கொடுங்கள். பாவம் என்று கடலில் விடாதீர்கள். காவ்லெர்பா டாக்சிஃபோலியா என்னும் மீன்தொட்டிப் பாசி 1984-இல் மொனாக்கோ கரையில் முதலில் தென்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பை மூடியது. நம் பக்கமே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். பாறையையும் மணலையும் நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் இரண்டு வாரம் காயவையுங்கள். சோவாந்திட் ஒட்டிய துண்டு இருந்தால் அதை மட்டும் கையுறை போட்டுத் தனியே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு காயவையுங்கள். காய்ந்த பாறை அடுத்த தொட்டிக்கு அப்படியே ஆகும்.